மூடி

ஆயிரத்து நாப்பது அடி.
ஐம்பத்திரண்டாவது ராடிலும் வெள்ளைத் தூசிதான்.
முத்தூருக்கு மேற்கே ஒரு கொறங்காட்டில்
காலை நாலு மணிக்குக் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னேன்.
மூன்று நாளில் முதல் தடவையாக
கிளுவை வேலிக்குள் ஆடு செருமுவது கேட்டது.

பாவாத்தாள் அக்கா எண்ணித் தந்த நோட்டுகளுக்கு நடுவே
பால் சொசைட்டிச் சீட்டு ஒன்று வந்துவிட்டது.
திருப்பிக் கொடுத்தேன்.
அவருக்கு நான் திருப்பிக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

வெள்ளகோவில் டீக்கடையில்
பேச்சுவாக்கில் கேட்டேன்:
மூடி போட்டாச்சா, தேவ்நாத்?
தம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான்:
சாக்கு போட்டேன். மேல கல்லு.

பத்தொன்பது வயது. சத்தீஸ்கரில் ஏதோ காட்டோரம்.
எங்கள் ரிக்குக்கு வந்த அன்று
நான் சொல்லிக்கொடுத்த முதல் வார்த்தை: நிறுத்து.
சுழலும் ராடுக்குப் பக்கத்தில்
அது ஒன்று தெரிந்தால்தான் உயிர்.
இரண்டாவது: சோறுண்டயா.

"உடுங்க மேனேஜர், பையன் அசந்துட்டான்.
திரும்பிப் போனா டீசலுக்கு ஆரு பதில் சொல்றது?"
பொங்கியண்ணன் சொன்னது எல்லாம் சரி.
மூன்று ராத்திரி தூங்காதவன்.
தாராபுரத்தில் அடுத்த பாயிண்டில்
தேங்காய் உடைத்துவிட்டுக் காத்து நிற்கிறார்கள்.

அக்காவின் கடைக்குட்டி
ராத்திரி முழுக்க எங்கள் ராடுகளை எண்ணிக்கொண்டிருந்தது.
ஐம்பத்திரண்டு என்று எனக்கு முன்னால் சொன்னது.
துளை ஆறரை அங்குலம்.
விரலை விரித்து அளந்து பார்த்தேன்.
பிறகு மடக்கிக்கொண்டேன்.

வண்டியைத் திருப்புங்க என்றேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
வடைச்சட்டிக்காரர் கரண்டியோடு நிமிரும் அளவுக்குக் கத்தினேன்.
கத்தியதும் பரவாயில்லை.
அவன் ஊரைச் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னேன்.
மூடிக்கு அந்த வார்த்தை தேவைப்படவில்லை.

கொறங்காட்டில் கல் ஒரு சாண் நகர்ந்திருந்தது.
ஆடாக இருக்கலாம்.
அவனே இறங்கி, அவனே மூடியை வைத்து முடுக்கினான்.
ஸ்பேனர் வழுக்கி விரல்முட்டியில் தோல் உரிந்தது.
உதவப் போன என் கால் இரண்டடியில் நின்றது.
"இன்னொரு சுத்து," என்றேன்.
சுத்தினான்.

நோட்டில் ஒரு நாள் பேட்டாவை வெட்டி எழுதினேன்.
தாராபுரம் வரைக்கும் அவன் கேபினுக்குள் வரவில்லை,
பின்வண்டியில் ராடுகளின் மேல் படுத்துக்கொண்டான்.
மத்தியானம் வரை எழுப்பாதீங்க என்று சொல்லிவிட்டு
அவன் பங்குக்கு நான் மண்வெட்டி பிடித்தேன்.
தலைமாட்டில் மாட்டிய புரோட்டாப் பொட்டலம்
சாயங்காலமும் அப்படியே தொங்கியது.
சால்னா புளித்திருந்தது.
நானே தின்றேன்.

திட்டியது எல்லார் முன்னாலும்.
அதனால் எல்லார் முன்னாலும் சொன்னேன்:
காலையில ஊரை இழுத்தது என் தப்பு.
பேட்டா வெட்டினது தப்பில்ல. அது அப்படியேதான்.
பொங்கியண்ணன் கிரீஸ் டப்பாவைத் தேடினார்.
அது அவர் கையிலேயே இருந்தது.
தேவ்நாத் தலையை ஆட்டினானா
கொசுவை விரட்டினானா, தெரியவில்லை.

அன்று நடுச்சாமம்
முந்நூறு அடியில் தூசியின் நிறம் மாறியது.
ஈரமா என்று பார்க்க
தூக்கக் கலக்கத்தில் அள்ளக் குனிந்தேன்.
கழுத்துத் துண்டின் நுனி
ராடுப் பக்கம் பறந்திருக்கிறது.

"நிறுத்து!"

கம்ப்ரசர் சத்தத்தையும் மீறி,
ஒரு 'ங்க' கூட இல்லாமல்.
நின்றேன்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
துண்டை உருவி அவனிடம் கொடுத்தேன்.
வாங்கித் தூர எறிந்தான்.

விடியும்போது தண்ணீர், ஒன்றரை இஞ்சு.
கேசிங் வாயில் மூடி, நாலு போல்ட்.
எண்ணிப் பார்த்தேன்.
எண்ணுவதை அவன் பார்த்தான்.

இரண்டாவது வார்த்தையை
இன்னும் அவன் என்னிடம் கேட்கவில்லை.