கியர் லீவர்

எழுபத்தெட்டு மாடல் எஸ்டி.
முத்தியால்பேட்டையில், பூட்டிக் கிடந்த தறிக்கொட்டகைக்குப் பின்னால்
வேப்பஞ்சருகோடு சேர்த்து விலை பேசினேன்.

கழற்றுவது சுலபம்.
நட்டுகள் தயிர் டப்பாவில்.
பெயர் தெரியாதவை ஃபிலோமினாவின் வளையல் பெட்டியில்,
அவளிடம் சொல்லாமல்.

கியர் லீவரை மட்டும் காணோம்.
ஏழு ஞாயிறு
காந்தி வீதி நெடுக
பழைய சாமான் விரிப்புகளில் குனிந்தேன்.
எட்டாவது வாரம் இருதயராஜ்
கூடவே வந்தார் வண்டியைப் பார்க்க.
கிக்கரை உள்ளே அமுக்கி
முன்பக்கம் மடக்கினார்.
"இதான் சார் அது."

உதைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்
தேடிய பொருளை.

டேங்குக்கு, சன்னலுக்கு அடித்ததில் மிச்ச நீலம்.
காய்வதற்குள் கடற்காற்று மணல் தூவிவிட்டது.
தேய்க்கவில்லை.
தடவினால் பூனை நாக்கு.

ஒரு மாலை கிளம்பியேவிட்டது.
தெருவே இருமியது.
கடற்கரைச் சாலை முனையில் தடுப்பு:
"ஆறு மணிக்கு மேல வண்டி போகாது."
அவர் சொல்லி முடிக்குமுன்
தானாக அணைந்தது.

தள்ளிக்கொண்டு போகலாமா என்றேன்.
சிவப்புத் தொப்பியைக் கழற்றித்
தலையைச் சொறிந்தார் காவலர்.
நான் காத்திருந்தேன்.
சைலன்சர் டிக் டிக்கென்று
ஆறிக்கொண்டிருந்தது.