அறுநூற்றைம்பது சொற்களுக்குள்

டிரோம்சோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் விடுப்பில் போய்விடும்.
மத்தியானம் இரண்டு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு
பல் செட்டுகள் செய்யும் மேசைமேல்
கைப்பேசியைச் சாய்த்து வைக்கிறேன்.
அங்கே மணி நான்கு.
பிடிபிடி முகாமில், சார்ஜ் கடைக்காரனுக்கு
ஐந்நூறு ஷில்லிங் கொடுத்துவிட்டு
கெஜி காத்திருக்கிறாள்.

முகம் தெரிந்தால் டேட்டா தின்னும்.
அதனால் குரல் மட்டும்.
பதினான்கு மாதமாக எனக்கு அவள்
பின்னால் சேவல் கூவும் ஒரு குரல்.
அவளுக்கு நான் என்னவோ, கேட்டதில்லை.

கணக்குக்கு ருவரி.
கால்வேயில் பேருந்து ஓட்டுகிறான்.
கடைசி நிறுத்தத்தில் வண்டி பதினோரு நிமிடம் நிற்கும்;
அதற்குள் ஒரு சைன், ஒரு கொசைன்.
"மிச்சம் திரும்பி வரும்போது" என்று
பாதித் தேற்றத்தில் கியர் போடுவான்.

ஆங்கிலத்துக்கு நான்.
எனக்கே அது இரவல் மொழி.
ஜெர்ரிகேன் என் நாக்கில் யெர்ரிகேன் ஆகும்.
அவள் திருத்தமாட்டாள்.
அடுத்த வாக்கியத்தில் அதே சொல்லை
ஒரு அழுத்து அழுத்திச் சொல்வாள்,
அவ்வளவுதான்.

டிசம்பரில் உதவித்தொகை விண்ணப்பம் வந்தது.
உன்னை உருவாக்கிய ஒரு நிகழ்வை எழுதுக,
அறுநூற்றைம்பது சொற்களுக்குள்.

நான்தான் சொன்னேன்.
ஒத்துக்கொள்கிறேன், நான்தான்:
காயா ஆற்றைக் கடந்த இரவை எழுது.
தண்ணீரில் போன தம்பியின் ஒற்றைச் செருப்பு,
அம்மா தலையில் சுமந்த தையல் மெஷின்,
ஒருமுறை வாய் தவறிச் சொன்னாயே, அதை.
குழுவுக்குப் பிடிக்கும்.

பிடிக்கும் என்ற சொல்லை
எப்படித்தான் சொன்னேனோ.

இரண்டு நீலக் குறி. பதில் இல்லை.
மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் கட்டுரை வந்தது.
தலைப்பு: மஞ்சள் கேன் பொய் சொல்கிறது.

இருபது லிட்டர் என்று அச்சடித்த கேன்
வெயிலில் நெளிந்து, வயிறு ஒட்டி,
உண்மையில் எவ்வளவு பிடிக்கும்?
குழாயடியில் நாற்பத்தொரு கேன்களை அளந்திருக்கிறாள்,
அரை லிட்டர் புட்டியால்,
வரிசையில் நின்றவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு.
சராசரி பதினெட்டே கால்.
வீட்டுக்கு நாளொன்றுக்கு ஆறு கேன் என்றால்
ஏட்டில் குடித்து, வாயில் குடிக்காத தண்ணீர்
வருடத்துக்கு
மூவாயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டரை லிட்டர்.
அந்த அரையையும் அவள் விடவில்லை.

ஆறு இல்லை. இரவு இல்லை.
தம்பி இருந்தான், ஒரே ஒரு வரியில்,
கேனைச் சாய்த்துப் பிடிப்பவனாக.

ருவரிக்கு எழுதினேன்:
அருமைதான், ஆனால் குழு இதற்கு அழுமா?
நிறுத்தத்திலிருந்து பதில்:
"கணக்கு சரி."
ஒரு நிமிடம் கழித்து இன்னொன்று:
"யாரை அழவைக்க வேண்டும், இங்குன்?"
அப்புறம் வண்டியை எடுத்திருப்பான்.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடினால்
வாய்க்குள் உட்காராத தொழில் எனக்கு.
அளப்பவள் ஒருத்தியைக் குரலில் கேட்டும்
எனக்குத் தெரியாமல் போனது.

கெஜியின் குரல் செய்தி, பத்தொன்பது நொடி:
"அந்த ஆற்றை நான் எனக்கே இன்னும் எழுதவில்லை.
கேனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.
மூன்றாம் பத்தியில் கமா சரியா, பாருங்கள்."
சேவல்.

கமா சரியில்லை. இரண்டை எடுத்தேன்.
ஒரு காலத்தை இறந்தகாலம் ஆக்கினேன்,
மறுபடி நிகழ்காலமே ஆக்கினேன்,
கேன்கள் இன்னும் பொய் சொல்வதால்.
எண்ணிப் பார்த்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
இன்னும் முப்பத்தெட்டுக்கு இடம் இருந்தது.
நிரப்பச் சொல்லவில்லை.

முடிவு மார்ச்சில்தான்.
நாளைக்குக் கொசைனின் மிச்சம்.
இன்றிரவு என் சமையலறையில்
ஒரு லிட்டர் என்று கோடு போட்ட கண்ணாடிக் குவளையை
எடைத் தட்டில் வைத்து
நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்,
கோடு வரை, மெதுவாக.