இருநூற்று இருபது அடி

படம் முடிந்துவிட்டது.
நீர்நாய்கள் இரண்டும் பனிப்பாறைமேல் மூக்கை உரசிக்கொண்டாயிற்று.
குழந்தைகள் கோட்டின் கைகளுக்குள்
தங்கள் கைகளைத் தேடுகிறார்கள்.
கறுப்புத் திரையில் பெயர்கள் ஏறத் தொடங்குகின்றன.
அப்போதுதான் அந்தப் பாட்டு வரும்.

கிளீவ்லண்டில் அந்தக் குளிர்காலம்
அது ஒலிக்காத இடமில்லை.
பல் மருத்துவர் அறையில், சலவைக்கடையில்,
ஈரி ஏரிக் கரையில் பனி தள்ளும் லாரியின் ரேடியோவில்.
பிறந்த வீட்டில் மட்டும்
கேட்க ஆளில்லை அதற்கு.
வெளியேறும் முதுகுகள் கேட்டன.

நான் மேலே, புரொஜெக்டர் அறையில்.
என் கண்ணாடிச் சதுரத்துக்குக் கீழே
எவரெட் இடது ஓரம், லூபிட்சா வலது ஓரம்,
ஆளுக்கொரு துடைப்பம்.
மூன்றாம் வாரம்தான் கவனித்தேன்:
ஆண்குரல் பாடும்போது அவன் கூட்டுகிறான்,
பெண்குரல் வந்ததும் அவள்.
யார் வகுத்த முறையோ.
சுருதி ஒரு படி ஏறுகிற இடத்தில்
இரண்டு பேர் பாப்கார்னும்
நடு வரிசையில்
ஒரே முறத்துக்குள் விழும்.

லூபிட்சா ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து ஐந்து மாதம்.
"படி, பார்த்து", "நன்றி".
இந்த ஊர் மொழியில் அவளுக்கு அவ்வளவுதான்.

மேலாளர் ஹாஸ்கல் ஏறி வந்தார், மூச்சிரைக்க.
"நாலு நிமிஷம் பாட்டு. ஒரு நாளைக்கு ஆறு காட்சி.
கணக்குப் போட்டுப் பார்.
முதல் பல்லவியோடு வெட்டு."

வெட்டினேன்.
இருநூற்று இருபது அடி
என் காலடியில் சுருண்டது.
ஒரு முனையை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
பிலிமின் ஓரம், ஒலி எழுதிய சந்தில்,
இரண்டு வெள்ளைக் கோடுகள்
தடித்து, மெலிந்து, நெளிந்து
பக்கத்தில் பக்கத்தில் ஓடின.
அடியடியாக உருவிப் பார்த்தேன்.
ஓரிடத்திலும் தொட்டுக்கொள்ளவில்லை.
பாடிய இருவரும்
வேறு வேறு ஊரில், வேறு வேறு மாதத்தில் பாடினார்களாம்.
ஸ்பீக்கர் பழுது பார்க்க வந்தவன் சொன்னான்.
நான் நம்பியிருக்கவில்லை.

அன்று மாலைக் காட்சி.
பெண்குரல் மூச்சை இழுத்தது.
அவ்வளவுதான், விளக்கு எரிந்துவிட்டது.

எட்டாம் நாற்காலியருகே அவன்,
இருபதாம் நாற்காலியருகே அவள்.
நடுவே பதினொரு நாற்காலி,
யாரோ விட்டுப்போன சிவப்புக் கையுறை ஒன்று.
பாட்டு நின்றதா, தங்கள் கைதான் நின்றதா
என்று தெரியாதவர்களைப் போல நின்றார்கள்.

பிறகு அவள் பாடினாள்,
ஆணின் வரியை.
சொற்களில் பாதி அவள் ஊருடையவை,
மீதி எந்த ஊருடையவையும் இல்லை.
மெட்டு மட்டும் பிசகவில்லை.
எவரெட் சிரிக்கவில்லை.
பெண்ணின் வரியை எடுத்தான், தொண்டை கட்டிய குரலில்.
சுருதி ஏறுகிற இடத்தில் ஏற முடியாமல்
கீழேயே நின்றான்.
அவள் இறங்கி வந்தாள்.

தடித்த கண்ணாடி. எனக்குக் கேட்டது பாதி.
மீதியைத் துடைப்பங்கள் நகர்ந்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஏப்ரலில் பிரதியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.
வெட்டியதை ஒட்டவைத்தேன்.
கை சரியில்லை அன்று,
இரண்டு முறை பிசகி, ஓரம் நறுக்கி நறுக்கி
ஆறு சட்டகம் போயிற்று.
கால் வினாடி.
ஒரு மூச்சு.

அந்தப் பிரதி டொலீடோ போனது, டேட்டன் போனது.
அங்கெல்லாம் அவள்
மூச்சே வாங்காமல் இரண்டாம் சரணத்துக்குள் நுழைந்திருப்பாள்.
யாரும் புகார் எழுதவில்லை.
எவரெட் மே மாதம் டயர் கிடங்குக்கு வேலை மாறினான்.
லூபிட்சாவை டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார்கள்.
அதற்குமேல் எனக்குத் தெரியாது.

ஆறு சட்டகமும் என் பர்ஸில் இருக்கின்றன,
பஸ் பாஸுக்குப் பின்னால்.
வெளிச்சத்தில் பிடித்தால் நீர்நாய் இல்லை, பனி இல்லை.
'தண்ணீர் வரைந்தவர்கள்' என்று ஒரு வரி,
அதன்கீழ் பாதிப் பெயர்,
ஓரத்தில்
இரண்டு கோடும் மயிரிழையாகிற இடம்.