முப்பத்தோராவது நொடி

சாலிகிராமத்தில், ஜாக்கெட் தைக்கிற கடைக்கு மேலே
மூன்றாவது மாடி.
கதவைத் திறந்ததும் குளிர்.
ஏசி எங்களுக்கில்லை, போன்களுக்கு.
அறுநூற்று நாற்பது போன்கள்
முட்டை அட்டைபோல் அடுக்கடுக்காய்.
எல்லாம் ஒரே பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன,
சத்தமில்லாமல்.

சூடேறியதைக் கழற்றி விசிறி முன் வைப்பேன்.
சிம் செத்தால் மாற்றுவேன்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை
ஒரு பாட்டு ஓடுவதைப் பார்க்கச் சம்பளம்.
முப்பது நொடி ஓடினால் ஒரு கணக்கு.
முப்பத்தோராவதில்
கம்ப்யூட்டர் அதை முதலுக்குத் திருப்பிவிடும்.
ஒரு விசில், ஒரு "ஏய்", அப்புறம் டிரம்.
நான் அறிந்த பாட்டு இவ்வளவுதான்.
அதுவும் காதால் அல்ல,
திரையில் துள்ளும் பச்சைக் கோடுகளால்.

மூன்றாம் வாரம் அது படியிறங்கி வெளியே போனது.
வடபழனி சிக்னலில் ஷேர் ஆட்டோவுக்குள்,
மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்களிடம்,
பட்டாபிராம் லோக்கலில்
எதிர் சீட்டுக் குழந்தை விரலால் தள்ளத் தள்ள
வேறு வேறு முகங்கள், அதே விசில்.
யாரும் அதைத் தேடிப் போகவில்லை.
தெருநாய்க்குட்டி மாதிரி
அதுதான் எல்லார் காலையும் சுற்றியது.
"எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டுடி"
என்றாள் தங்கச்சி.
நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.
பொய் என்று எப்படிச் சொல்வது?
பிடித்துத்தான் இருந்தது அவளுக்கு.

பாடியவன் ஒருநாள் வந்தான்,
ஷிப்ட் மாறுகிற நேரம்.
மதலைமுத்து, காசிமேடு.
போஸ்டரில் மட்டும் வேறு பெயர்.
விளம்பரக் கம்பெனி என்று
அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.
போன் அறை சாத்தியிருந்தது.
அரைக் கிலோ மைசூர்பா கொண்டுவந்திருந்தான்,
மேனேஜர் இல்லாததால் நான் வாங்கிக்கொண்டேன்.
தன் போனைத் திறந்து நீட்டினான்.
"பாருங்க மேடம், தூத்துக்குடில மட்டும்
பதினோராயிரம் பேர் கேக்குறாங்க.
எங்கம்மா பொறந்த ஊரு.
அங்க ஒரு கச்சேரி வைக்கிறேன்,
ஹாலுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

தூத்துக்குடி:
மூன்றாவது வரிசை, இடது பக்கம், நாற்பது போன்.
ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் இல்லாத பெயர்கள்.
போன புதன்கிழமை நான்தான் ஊர் மாற்றினேன்.
அதுவரை அவை கோயம்புத்தூர்.

நெய் விரலில் ஒட்டியது.
"நல்லா வரும் சார்" என்றேன்.

அன்று ராத்திரி அடித்த மழையில் கரண்ட் போனது.
கம்ப்யூட்டர் அணைந்தது.
திருப்பிவிட ஆளில்லாமல்
போன்கள் பாட்டோடு மேலே நடந்தன.
மூன்றாவது வரிசையில் ஒன்றை எடுத்து
முதல்முறையாகச் சத்தம் வைத்தேன்.

டிரம் அடங்கியது.
ஐஸ் பாளத்தை உடைக்கிற சத்தம்,
நிஜச் சுத்தியல், நிஜ ஐஸ்.
பிறகு அவன் குரல்.
விசிலடித்தவன் இல்லை, மூச்சு வாங்குகிறவன்.
விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போன அக்கா
ஈரப் புடவையோடு வந்து
ஸ்கூல் பீஸ் கட்டியதை ஒரு வரியில் சொன்னான்.
அடுத்த வரியைத் தொடங்கி, நிறுத்திக்கொண்டான்.
அங்கே ஒரு சின்னச் செருமல்.
யாரும் அழிக்கவில்லை.
இவ்வளவு தூரம் எவன் வரப்போகிறான்
என்று விட்டிருப்பார்கள்.

கோடி முறை ஓடிய பாட்டு.
அவன் அக்காவாவது கேட்டிருப்பாளா, கடைசி வரை?

கரண்ட் வந்தது.
அறுநூற்று நாற்பதும் மறுபடி "ஏய்" என்றன,
வாய் திறக்காமல்.
கையிலிருந்ததை மட்டும் வரிசையில் மாட்டவில்லை.
"சூடு" என்று நோட்டில் எழுதி
டிராயருக்குள் ஓடவிட்டேன், முழுசாய்.
மூன்றரை நிமிஷம்.
ஏழு கணக்கு வரவேண்டிய இடத்தில் ஒன்று.
தெரிந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

ஹாலில் எத்தனை நாற்காலி என்று
அவனிடம் கேட்கவில்லை நான்.
கிளாம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு
ஸ்லீப்பர் ஆயிரத்து நூறு ரூபாய்.
பார்த்து வைத்திருக்கிறேன்.
டிக்கெட் இன்னும் போடவில்லை.
மைசூர்பா தீர்ந்துவிட்டது.