வெளித் தாழ்ப்பாள்

முதுநகரில், உப்பனாற்றை ஒட்டிய சந்தில்
தைலாம்பாள் வளர்ந்த வீட்டை
மியூசியமாக்கும் வேலை என் தலையில் விழுந்தது.
தானே புயல் தூக்கிப்போன ஓட்டுக்கு வேறு ஓடு,
உப்பு தின்ற சுவருக்குக் கடுக்காய்ச் சாறு ஊற்றிய சுண்ணாம்பு.

அந்தம்மா கதையில் ஒரு யானை உண்டு.
சாமான் அறையில் குடியிருக்கும்.
வாசலைவிடப் பெருசு, அதனால் வெளியே போகாது.
என் மகளின் புத்தகத்தில்
அந்தப் பக்கம் மட்டும் எண்ணெய்க் கறை.

சாமான் அறையை அளந்தேன்: நாலடிக்கு ஐந்தடி.
ஜன்னல் இல்லை.
தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

எலிக்காக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.
பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் காவி என்று
சுரண்டிக்கொண்டே இறங்கினால்
உட்கார்ந்த பிள்ளையின் கை எட்டும் உயரத்தில்
ஆணியால் கீறிய கோடுகள்.
நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.
கடைசிக் கோட்டின் பக்கத்தில் ஒரு வளைவு,
வாலோ தும்பிக்கையோ.

கமிட்டிச் செயலாளர் ஞானப்பிரகாசம் குனிந்து பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.
"புள்ளைங்க வர்ற எடம்பா. பூசிடு.
அந்தத் தாப்பாளையும் எடுத்துடு."

தாழ்ப்பாள் என் டூல் பையில் கிடக்கிறது.
ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்,
எறியக் கை வரவில்லை.
சுவரைப் பூசினேன், சொன்னபடியே.
கடுக்காய் சேர்க்கவில்லை, மணலைக் கூட்டினேன்.
இந்தக் கடல்காற்றுக்கு
ரெண்டு ஐப்பசி தாங்கும் அது.
மூன்றாவதில் விட்டுவிடும்.