இரும்பில்லாத அறை

சாவிக்கொத்து, தோசைக்கரண்டி, ஒருமுறை
பஸ் டிரைவரின் ஸ்பேனர்.
நான் விழும்போதெல்லாம் யாரோ என் கையில்
இரும்பைத் திணித்திருக்கிறார்கள்.
விழித்ததும் முதலில் தெரிவது
உள்ளங்கையில் பதிந்த சாவியின் பல்வரிசை.

இந்த ஓர் அறைக்குத்தான் இரும்பே ஆகாது.
மூன்றாம் முறை வருகிறேன்.
ஹிடாயா தட்டை நீட்டுகிறாள்:
தோடு, கொண்டை ஊசி, மெட்டி,
பாயான் லெப்பாஸ் ஆலையின் அட்டை,
தண்ணீர்மலையில் கட்டிய தாயத்து.
"பல்லில் ஏதும் உண்டா, காக்?"
பல்லில் இல்லை, நாக்கில் தழும்பு உண்டு,
அது உலோகமில்லை என்று சொல்லிச் சிரித்தேன்.
அவள் படிவத்தில் ஒரு கோடு போட்டாள்.

மலாயில் இந்த நோய்க்குச் 'சாவான்' என்று பெயர்.
தமிழ்க் காதோடு கேட்டுப் பாருங்கள்.
கூட்டம் நிறைந்த கூடத்தில்
என் எண்ணோடு அதையும் சேர்த்துக் கூப்பிட்ட நர்ஸுக்குத்
தெரிந்திருக்க நியாயமில்லை.

பட்டர்வொர்த் ஃபெரியில் நிற்பேன்.
வயிற்றிலிருந்து ஏதோ மேலேறும்.
எதிரே ஒருவர் குடை மடிப்பது
முன்பே நடந்தது போலிருக்கும்,
அடுத்து அவர் தும்மப்போவதும் தெரியும் போலிருக்கும்.
தும்மினாரா, தெரியாது.
அதற்குள் நான் போயிருப்பேன்.
உதடு வெறும் வாயை மென்றதாம்.
விரல்கள் துப்பட்டாவின் ஓரத்தைத் தேடினவாம்.
என் வாழ்வில் அந்த இரண்டு நிமிடங்களுக்கு
எப்போதும் ஓர் 'ஆம்' விகுதி.

ஒன்பது வருஷத்துக்கு முன் எடுத்த படம்
'நார்மல்' என்றது.
மாமியார் அந்தத் தாளை லாமினேட் செய்து வைத்தார்.
நான் சில்லு சோதிப்பவள்.
நேர் வெளிச்சத்தில் கீறல் தெரியாது என்பது
என் வேலையின் முதல் வாரப் பாடம்.
சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
எதைத் தேடுகிறோம் என்றும் தெரிந்திருக்க வேண்டும்.
இம்முறை டாக்டர் இயோ
'வலிப்புக்கென்றே மெல்லிய வெட்டுகளாக எடுக்கவும்'
என்று ஒரு வரி எழுதினார்.
அந்த ஒரு வரிக்கு ஒன்பது வருஷம்.

திரையில் என் தலை
மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழிறங்கியது.
பேனாவால் சுட்டினார்:
காதுக்கு உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாய்,
வடிவத்தைப் பார்த்துக் கடற்குதிரை என்று
பெயர் வைத்திருக்கிறார்கள்.
வலது, கொழுத்துச் சுருண்டு படுத்திருந்தது.
இடது வற்றி, வெளுத்து,
கேம்பல் தெரு மருந்துக்கடை ஜாடியில்
காய்ந்து கிடக்குமே, எடை போட்டு விற்பார்களே,
அது. அதேதான்.
"கண்டுபிடித்துவிட்டோம்" என்றார், குரலில் மகிழ்ச்சி.
எனக்கும்தான்.
தனசீலன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

மூன்று மாத்திரைக்கும் அடங்காதது
எடுத்துவிட்டால் அடங்கலாமாம்,
பத்தில் ஆறேழு பேருக்கு.
இடது என்பதால் சொற்கள் கொஞ்சம் போகலாமாம்.
எந்தச் சொற்கள்?
"பெயர்கள், பெரும்பாலும்."

அதை அளக்கத்தான் இன்று மறுபடி இந்தக் குழாய்.
பக்கத்து மனையில் பைலிங் இடிப்பது போன்ற சத்தத்துக்கு நடுவே
ஹிடாயாவின் குரல்:
"பாசாரில் வாங்குவதையெல்லாம் சொல்லுங்க, காக்.
மனசுக்குள். வாய் அசையக்கூடாது."
எந்த மொழியில்?
"எதுவானாலும் சரி. இது ரத்தம் போகும் இடத்தைத்தான் பார்க்குது."

மத்தி. கங்கோங். சின்ன வெங்காயம்.
தவ்வு. பூசணிக் கீற்று.
வாங்க முடியாதவையும் நடுவில் நுழைந்தன:
மகள் இதழினி,
வண்டியில் அடிபட்ட பூனை பொட்டு,
எதிர்வீட்டுத் தையல்காரி,
அவள் பெயர், அவள் பெயர்,
சரி, விடு. புளி. கடுகு.

தனசீலன் வெளியே நிற்கிறார்.
பாக்கெட்டில் சாவிக்கொத்து இருக்கும்.
உள்ளே என் கையில் ஒரு ரப்பர் குமிழ்,
பயந்தால் அழுத்தச் சொன்னாள்.
எந்தக் கையில் வேண்டும் என்று
கேட்டுத்தான் கொடுத்தாள்.

அழுத்தவில்லை.
பிடித்திருக்கிறேன்.