மறை லூசு

ஆடி பிறந்தால் துளசிமணி
முதல் பஸ்ஸில் காரணம்பேட்டை போவாள்.
டிக்கெட் எடுத்துப் போய், இறங்கி, லேஸை இறுக்கி,
ஏறின சூலூருக்கே ஓடி வருவாள்.
போகும்போதே ஓடினால் காற்று முதுகில் தள்ளுமாம்,
அது ஓசிச் சோறாம்.
பாலக்காட்டுக் கணவாய் திறந்துவிடும் காற்றை
மூஞ்சியில் வாங்கினால்தான் ஓட்டமாம்.
"இந்தப் புள்ளைக்கு ஏனுங்க இந்தப் பாடு?"
என்பார் கண்டக்டர், என்னிடம்.
ஆமாம், நானும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன்.
அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஒழுங்காக ஓடுகிறவள்.
நோட்டுப் போட்டிருக்கிறேன்: சுற்றுக்கு எத்தனை செகண்டு,
ஊறின கடலை எத்தனை,
படுத்தது, எழுந்தது, நாடி.
அவள் விளக்குக் கம்பம் எண்ணுவாள்.
எண்ணிக்கை தப்பினால்
பஸ் இறங்கின இடத்துக்கே திரும்பிப் போய்
ஒன்று.
ஒரு நாள் ஷிப்டுக்கே வரவில்லை.
கலங்கல் பிரிவில் லாரி மோதி
ஒரு கம்பம் சாய்ந்து கிடந்ததாம்,
அதைச் சேர்ப்பதா விடுவதா என்று
விளங்கவில்லையாம்.

மறை கழண்ட கேசு என்றது பட்டறை.
பம்பு செய்கிற இடம்,
வேறெப்படிச் சொல்லும்.

கோவையில் மாவட்டப் போட்டி, ஐயாயிரம் மீட்டர்.
முதல் வருசம் துப்பாக்கி வெடித்ததும் பறந்தாள்,
எட்டாம் சுற்றில் வாந்தி.
அடுத்த வருசமும் அப்படியே பறந்தாள்.
எப்படியும் விழுவாள் என்று யாரும் துரத்தவில்லை.
விழுவாள், இந்தா விழுந்தாள் என்று
பத்துச் சுற்று பொறுத்திருந்து
நான் நாலாவது வந்தேன்.
அவள் விழவேயில்லை.
மூன்றாம் வருசம் முன்னால் போய்க்கொண்டிருந்தவள்
சுற்றுக் கணக்கில் சந்தேகம் வந்து
நடு டிராக்கில் நின்றுவிட்டாள்.

ஜெயித்ததற்கு வெறி என்று பெயர்.
மற்ற ரெண்டுக்கும் கிறுக்கு.
அதே கால், அதே ஷூ.

கிறுக்கு இருந்தால் ஜெயிக்கலாமா என்று கேட்பவர்கள்
மேடையில் நிற்கிற கிறுக்கை மட்டும் எண்ணுகிறார்கள்.
வாந்தியைத் துடைத்துக்கொண்டு
டவுன் பஸ்ஸில் திரும்பிய கிறுக்குகளிடம்
மைக்கை நீட்ட ஆளில்லை.

ஆனாலும்

என் வேலை கேஜ் போட்டு மறை பார்ப்பது.
அச்சு அளவாக வெட்டினால் நட்டு ஏறாது,
பாதியில் கடித்துக்கொள்ளும்.
மயிரிழை லூசு விட வேண்டும்.
கூட விட்டால்
மோட்டார் அதிர அதிரத் தானே கழன்று
கிணற்றோடு போகும்.
எத்தனை விடலாம் என்பதற்கு
இரும்பில் கேஜ் இருக்கிறது.
ஆளுக்கு
இன்னும் வரவில்லை.

டீக்கடையில் அவளிடமே கேட்டேன்,
உனக்குக் கொஞ்சம் கழண்டிருக்கிறது, தெரியுமா என்று.
வர்க்கியை டீயில் முக்கினாள்.
"நாலு செகண்டுக்காக மூணு வருசமா
கடலைய எண்ணித் திங்கறவ,
நீ வந்து என்னையக் கேக்கறயாக்கும்."
வர்க்கி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது.
விரல் விட்டு எடுத்துத் தின்றாள்.

அந்த பஸ்.
எனக்குப் பல்லடம் பக்கம் ஒரு சோலியும் இல்லை.
அவள் இறங்குவதைப் பார்க்க
ரெண்டு வாரம் நாலு மணிக்கு எழுந்து
ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன்.
நோட்டில் அதை எழுதவில்லை.

மூன்றாம் வாரம் நானும் இறங்கினேன்.
இருட்டு. வெகு தூரத்தில்
காற்றாலைகளின் சிவப்புப் பொட்டுகள்.
நூறடி பின்னால் ஓடினேன்.
திரும்பிப் பார்க்கவில்லை அவள்,
ஆனால் உரக்க எண்ண ஆரம்பித்தாள்.
எதிர்க்காற்றில் அவள் குரல் என்னிடம் வரும்,
என் குரல் அவளிடம் போகாது.

முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு,
முப்பத்திநாலு
என்றாள்.

வாயைத் திறந்தேன்.
மண்.